குதிர்களில் முகங்கள்: விம்மெரா, மாலி வட்டாரங்களில் நான்கு நாள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து வடமேற்கில், விம்மெரா, மாலி என்னும் வட்டாரங்களில், கோதுமைக் காடுகளுக்கு நடுவே, நூறு இருநூறு பேர் வாழும் ஊர்களில், பயன்பாடு குறைந்துபோன சைலோக்கள் மீது பெரிய பெரிய மனித முகங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். சைலோ என்றால் நம் ஊர்க் குதிர்தான். நம் குதிர் ஆள் உயரம், இது பத்து மாடி உயரம். ருபான்யப்பில் தொடங்கி பாட்சிவொல்லக் வரை 200 கிலோமீட்டர் நீளும் இந்த ஓவியத் தடத்தை ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். ஓட்டலாம், பார்க்க முடியாது. நான்கு நாளும் போதவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி: ஹார்ஷம், மர்ட்டோவா, ருபான்யப், ஷீப் ஹில்ஸ்

மெல்பர்னிலிருந்து மேற்கே பல்லாரட், அராரட், ஸ்டாவெல் தாண்டி ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கிராம்பியன்ஸ் மலை இடப்பக்கம் பின்வாங்கியதும் தரை தட்டையாகிவிடுகிறது. கனோலா என்னும் எண்ணெய்ப் பயிர் பூத்து ஓய்கிற நேரம், மஞ்சளுக்குள் பச்சை தலைகாட்டுகிறது. காலையில் 9 டிகிரி, மதியம் 24. எதிரே வரும் வண்டிக்காரர் எல்லோரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்கள். அதுதான் இங்கே வணக்கம். நாமும் விரலைத் தூக்க வேண்டும், தூக்காமல் போனால் மரியாதைக் குறைவு.

முதல் நிறுத்தம் ஹார்ஷம். இங்குள்ள சைலோவில் இருப்பவர் யாங்கெண்டினன்யுக். 1868-ல் இங்கிலாந்துக்குப் போய் ஆடிய முதல் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியின் ஆட்டக்காரர். அந்த அணி முழுக்கப் பூர்வகுடியினர் அணி. ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தைப் பார்த்து, 'என் மேல் பந்தெறியுங்கள்' என்று நின்று, குறுகலான ஒரு கேடயத்தால் தட்டித் தட்டி விடுவாராம். 'ஸ்மக்' என்ற பெயரில் எழுதும் சாம் பேட்ஸ் 2022-ல் வரைந்தது. ஹார்ஷம் பெரிய ஊர் என்பதால் பலர் இதை விட்டுவிட்டு வடக்கே ஓடிவிடுகிறார்கள். விடக்கூடாது. நான்காம் நாள் நல்லவிலில் ஸ்மக்கின் கைவேலையை மறுபடி பார்க்கும்போது ஒப்பிட இது வேண்டும்.

மர்ட்டோவாவில் ஓவியம் தேடிப் போகவில்லை. ஆனால் சைலோ என்ன பொருள் என்று தெரிய அங்கே உள்ள 'ஸ்டிக் ஷெட்' பார்த்தாக வேண்டும். 1941-42-ல், போரால் ஏற்றுமதி நின்று, விளைந்த கோதுமை கிடக்க இடமில்லாதபோது கட்டிய கொட்டகை. இரும்பு கிடைக்காத காலம். அறுக்காத முழு மரங்களை அப்படியே 560 தூண்களாக நட்டு, மேலே தகரம் வேய்ந்துவிட்டார்கள். கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், 60 மீட்டர் அகலம். கூரையின் சரிவைக் கவனியுங்கள்: கோதுமையைக் கொட்டினால் அது தானாக எந்தச் சரிவில் குவியுமோ ஏறக்குறைய அதே சரிவு. அம்பாரத்தின் மேல் துணி போர்த்தியது போலக் கூரை போட்டிருக்கிறார்கள். 2014-ல் தேசிய மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நடுவில் நின்று மேலே பார்த்தால் கழுத்து வலிக்கும் வரை கண் எடுக்க முடியாது.

அதற்கு முன்பெல்லாம் கோதுமை சாக்கு மூட்டையில்தான் போனது. அந்தச் சணல் சாக்குகள் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்தவை. 1930-களின் இறுதியில் மூட்டை மெல்ல ஒழியத் தொடங்கி, ரயில் பாதையோரம் ஊருக்கு ஊர் கான்கிரீட் சைலோ எழுந்தது. அடுத்த அறுபது எழுபது ஆண்டில் லாரி பெரிதானது, தானியத்தைத் திறந்த வெளியில் குவித்துத் தார்ப்பாய் மூடும் பெரிய கிடங்குகள் வந்தன, சின்ன ஊர் சைலோக்களுக்கு வேலை குறைந்தது. இடிக்கவும் செலவு. அப்படி நின்றவைதான் இன்று சுவர்.

ருபான்யப் மட்டும் வேறு ரகம். இங்கே இருப்பது கான்கிரீட் இல்லை, இரும்புத் தகடு. ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா 2017 தொடக்கத்தில் எழுதியது: உள்ளூர் இளைஞர் இருவர், ஒருவர் கூடைப்பந்து போன்ற நெட்பால் உடையில், ஒருவர் ஆஸ்திரேலிய வகைக் கால்பந்து உடையில், கருப்பு வெள்ளையில். இந்த ஊர்களில் கோயில், சாவடி, சங்கம் எல்லாம் கால்பந்து-நெட்பால் கிளப்தான். ஓவியர் சரியான நாடியைப் பிடித்திருக்கிறார்.

தகட்டில் எழுதுவது தனித் தொல்லை. துத்தநாகம் பூசிய தகட்டில் சாதாரண எண்ணெய் பெயிண்ட் அடித்தால், எண்ணெயும் நாகமும் சேர்ந்து சோப்பு போல ஆகி, ஒன்றிரண்டு ஆண்டில் தோல் தோலாக உரியும். முதலில் எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும், பிறகு நாகத்தைப் பிடிக்கும் பிரைமர், அதன் மேல் அக்ரிலிக். போதாததற்கு வெயிலில் தகடு விரியும், இரவில் சுருங்கும். மேலே பூசியதும் கூடவே இழுபட வேண்டும். இன்னொன்று, தகட்டின் நெளி. நேர் எதிரே நின்றால் முகம் முழுதாக இருக்கிறது. சைலோவுக்குப் பத்தடி கிட்டே போய் அண்ணாந்து பார்த்தால் நெளியின் மேல்பக்கம் மறைந்து, முகம் கோடு கோடாக வெட்டுப்படுகிறது. அதனால் இங்கே கிட்டே போகாதீர்கள். சாலைக்கு அந்தப்புறம் நில்லுங்கள்.

மினியிப் பேக்கரியில் வெனிலா ஸ்லைஸ் 6 டாலர். இரண்டு அடுக்கு மொறுமொறு மாவுக்கு நடுவே மூன்று விரல் உயரத்துக்குக் கட்டிப் பால் கஸ்டர்டு. இந்தப் பக்கத்து ஆட்கள் ஊர் ஊராக இதன் தரம் பேசுகிறார்கள், நாம் பிரியாணிக்குப் பேசுவது போல. கடிக்கத் தெரியாமல் கடித்தால் கஸ்டர்டு பக்கவாட்டில் பிதுங்கி மடியில் விழும். கடைக்கார அம்மா முள்கரண்டியோடு வந்து, மேல் அடுக்கைத் திருப்பிக் கீழே வைத்து வெட்டச் சொல்லிக் கொடுத்தார்.

ஷீப் ஹில்ஸுக்கு மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் என்று சொல்ல வீடுகளே அதிகமில்லை. 1938-ல் கட்டிய சைலோ. 'அட்னேட்' 2016 இறுதியில் எழுதினார். வெர்கையா, வோட்ஜோபலுக் மக்களின் மூத்தவர்கள் இருவர், குழந்தைகள் இருவர், பின்னால் விண்மீன் நிறைந்த இரவு வானம். பூர்வகுடியினரோடு பல வாரம் பழகி, அவர்கள் ஒப்புதலோடு எழுதியது. ருபான்யப் முதல் பாட்சிவொல்லக் வரையுள்ள ஓவியங்களில் மிகுந்த வண்ணம் உள்ளது இதுதான். குழந்தைகளின் கண்ணில் ஒளி விழும் வெள்ளைப் புள்ளியே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும் என்று தோன்றியது. பொழுது சாய்ந்து உண்மையான வானம் அந்த நீலத்துக்கு வரும் வரை இருங்கள். ஈ மட்டும் மொய்க்கும், சூரியன் போனதும் அதுவும் போய்விடும்.

ராத் தங்கல் வாரக்னபீல். பப்பில் சமையலறை எட்டு மணிக்கு மூடும். 7.50-க்கு உள்ளே போனோம். மரக்கறி என்று கேட்டதும் சமையல்காரரே வெளியே வந்து, "பொரித்த உருளைக்கிழங்கும் சுட்ட பூசணிக்காயும் தருகிறேன், மேலே பாலாடைக்கட்டி போடட்டுமா?" என்று கேட்டுப் போனார். 16 டாலர் வாங்கினார்கள். பக்கத்து மேசைச் சிக்கன் பார்மா 29.

அக்டோபர் 4, சனி: பிரிம், பியூலா, ரோஸ்பெரி, ஹோப்டவுன்

வாரக்னபீலிலிருந்து வடக்கே 20 கிலோமீட்டரில் பிரிம். இந்தத் தடத்துக்குத் தாய் இதுதான். ஆஸ்திரேலியாவில் சைலோவில் முதலில் ஓவியம் எழுதியது மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்தமில், 2015-ல். விக்டோரியாவில் முதலாவது பிரிம். குயிடோ வான் ஹெல்டன் 2016 ஜனவரியில் முடித்தார். 1939-ல் கட்டிய நான்கு ஒட்டுச் சைலோக்கள், 30 மீட்டர் உயரம், நான்கு விவசாயிகள். ஆணும் பெண்ணும், வெவ்வேறு தலைமுறை, பெயர் கிடையாது. ஒரே ஓவியம் என்றுதான் திட்டம். மக்கள் பார்க்க வந்துகொண்டே இருந்ததும், யாரியம்பியாக் நகராட்சியும் 'ஜூடி ரோலர்' என்ற மெல்பர்ன் தெரு ஓவிய அமைப்பும் சேர்ந்து மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள். மொத்த வட்டாரத்திலும் ஏழாயிரம் பேர் இல்லை.

இரண்டு மணி நேரம் இங்கே நின்றோம். அதிகமில்லை. கண் பழக முதல் அரை மணி போய்விடும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். சாம்பல், பழுப்பு, மங்கிய வெள்ளை. அந்த நான்கு பேரின் சட்டையும் தோலும் பாதிக்கு மேல் கான்கிரீட்டின் சொந்த நிறம்தான். கான்கிரீட்டை மூடி அடிக்காமல், அதையே நடுநிறமாக வைத்துக்கொண்டு, அதைவிட இருட்டாக வேண்டிய இடத்தில் இருட்டு, வெளிச்சமாக வேண்டிய இடத்தில் வெளிச்சம் மட்டும் சேர்த்திருக்கிறார். கால் பக்கம் வர வர உருவம் கரைந்து சுவராகிவிடுகிறது. இதில் அழகு மட்டும் இல்லை, ஆயுளும் இருக்கிறது. இந்த வெயிலில் முதலில் வெளுப்பது பளீர் சிவப்பும் மஞ்சளும். காவி, பழுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்களும் கரிக் கருப்பும் வெயிலுக்கு அசைவதில்லை. பத்தாண்டு கழித்து ஓவியம் மங்கினாலும் சுவரோடு சேர்ந்து மங்கும், கிழிந்த சுவரொட்டி போல ஆகாது.

வளைவு இரண்டாவது. உருளையில் எழுதினால் எந்த இடத்தில் நின்றாலும் பாதிக்கு மேல் கண்ணில் படாது. அந்தப் பாதியிலும் இரு ஓரங்கள் சுருங்கும். முகத்தை உருளையின் வயிற்றில் வைத்தால் காதுகள் பின்னால் ஓடி, மூக்கு முன்னால் வரும். அது முகத்துக்கு நல்லதே, முகமும் உருண்டைதானே. இரண்டு உருளை சேரும் பள்ளத்தில் முகத்தை வைத்தால் கெட்டது, கண் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். தோள், கை, சட்டை மடிப்பு போன்றவற்றைத்தான் பள்ளத்தில் விட வேண்டும். பிரிமில் சாலையோரம் அப்படியே இடமிருந்து வலமாக நடந்து பாருங்கள், ஒவ்வொருவராகத் திரும்பி நம்மைப் பார்ப்பார்கள்.

எப்படி ஏற்றுகிறார்கள் என்பதைப் பலர் கேட்கிறார்கள். புரொஜெக்டரை வைத்து இரவில் விழவைப்பது தட்டைச் சுவருக்குச் சரி; இவ்வளவு உயரத்திலும் வளைவிலும் உருவம் இழுபடும். கட்டம் போட்டு எழுதுவது பழைய வழி. இப்போது பலரும் செய்வது இது: சுவர் முழுக்க எதேச்சையாகக் கிறுக்கல்கள், எழுத்து, வட்டம், அம்பு, எதுவானாலும், ஸ்ப்ரேயில் போட்டுவிடுவது. எட்டி நின்று, பார்வையாளர் நிற்கப்போகும் இடத்திலிருந்து, சுவரைப் படம் எடுப்பது. கைப்பேசியில் அந்தப் படத்தின் மேல் ஓவியத்தை மெல்லிய தாள் போல விரிப்பது. பிறகு மேலே ஏறி, 'இடது கண் முனை அந்த அம்பின் வாலில்' என்று பார்த்துப் பார்த்து வரைவது. படம் எடுத்த இடம் தவறினால் எல்லாம் தவறும். அதனால் அந்த இடத்தில் முளை அடித்து வைப்பார்கள்.

அதற்கு முன்னால் சுவர் வேலை. உயர் அழுத்த நீரில் எண்பது ஆண்டுத் தூசி, பாசி, பறவை எச்சம் எல்லாம் போகக் கழுவி, காயவிட்டு, விரிசலை அடைத்து, மூச்சுவிடும் ரக சீலர் பூச வேண்டும். மூச்சுவிடும் ரகம் என்பது முக்கியம். உள்ளே ஈரம் சிக்கினால் கான்கிரீட்டிலிருந்து உப்பு கிளம்பி, பெயிண்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து, அதை உப்பவைத்துத் தள்ளும். அவசரப்பட்ட சுவர்களில் கீழ் இரண்டு மீட்டரில் இது தெரியும், ஏனென்றால் தரை ஈரம் ஏறுவது அங்கேதான். பெரிய பரப்புக்கு ரோலர், வெளிச்சுவர் அக்ரிலிக். ஓரம், மயிர், கண் இவற்றுக்கு ஸ்ப்ரே கேன்.

எல்லாவற்றுக்கும் எதிரி காற்று. தட்டை நாடு, தடுப்பே இல்லை. ஆள் தூக்கும் பூம் லிஃப்டை வெளியில் இயக்கப் பொதுவாக நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் வரைதான் அனுமதி. ஸ்ப்ரே அதற்கு வெகு முன்பே பயனற்றுப் போகும், நிறம் சுவரில் படாமல் பக்கத்து வயலுக்குப் போகும். அதனால் கோடையில் விடியலுக்கு முன் தொடங்கி, காற்று எழும் வரை எழுதுவார்கள். லிஃப்ட் நிற்கும் தரையும் சமமாக, இறுகலாக இருக்க வேண்டும். மழை பெய்த கருமண்ணில் சக்கரம் புதைந்தால் அன்று வேலை போச்சு.

பிரிமில் எதிரே ஒரு முதியவர் நாயோடு வந்து நின்றார். சைலோ வேலை செய்த நாட்களில் அறுவடைக்கு லாரி வரிசை எங்கே வரை நிற்கும் என்று கையால் காட்டினார். ஓவியத்தில் இருப்பவர் யார் என்று கேட்டோம். "யாருமில்லை. அதனால்தான் எல்லோரும் அது தங்கள் அப்பா என்கிறார்கள்" என்றார். ஊரில் கடை ஏதாவது திறந்திருந்தால் ஒரு காபியாவது வாங்கிப் போங்கள் என்றும் சொன்னார், வெட்கப்பட்டுக்கொண்டே. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: பெரும்பாலான வண்டிகள் பத்து நிமிடம் நின்று, படம் எடுத்து, ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் போகின்றன. ஊர் பிழைக்கவே எழுதிய ஓவியம். பெட்ரோலையும் ரொட்டியையும் நகரத்திலேயே நிரப்பிக்கொண்டு வராதீர்கள்.

பியூலாவில் தேநீர், சாண்ட்விச், ஆளுக்கு 13 டாலர். ஒரு வீட்டு வாசலில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் 3 டாலர், முட்டை டஜன் 5 டாலர், ஆள் இல்லை. காசு போட ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, மேலே கல். சில்லறை வைத்திருங்கள்.

ரோஸ்பெரி சைலோ 15 மீட்டர்தான், பிரிமில் பாதி. எழுதியவர் 'காஃபீன்', 2017. லசெல்ஸில் இன்னொருவருக்கு உதவியாளராக நின்றபோது இந்த நாட்டைப் பழகிக்கொண்டார். இடப்பக்கம் ஆட்டுப் பண்ணை நடத்தும் இளம்பெண், கால் அகட்டி நிற்கிறாள். வலப்பக்கம் தொப்பி அணிந்த ஒருவர் தன் குதிரையின் முகத்தோடு முகம் வைத்திருக்கிறார். மற்ற ஓவியங்கள் பலவற்றில் மனிதர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். இவர் பார்க்கவில்லை, குதிரையோடு இருக்கிறார். உயரம் குறைவு என்பதால் இங்கே மட்டும் கிட்டே போகலாம், தூரிகைத் தடம் தெரியும்.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது. நல்ல கோணம் தேடி வண்டியைச் சாலையோரப் புல்லில் இறக்க, அடியில் மண் ஊறிக் கிடந்திருக்கிறது. முன் சக்கரம் அச்சு வரை போயிற்று. பத்து நிமிடத்தில் அவ்வழி வந்த ஒரு பண்ணை வண்டி கேட்காமலே நின்று, கயிறு போட்டு இழுத்துவிட்டது. காசு வாங்க மறுத்துவிட்டார். கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். சாலையோரம் பச்சையாக இருந்தால் நம்பாதீர்கள், சரளை போட்ட நிறுத்தத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

ஹோப்டவுனில் ஏரிக்கரையில் தங்கல். இந்தப் பக்கம் முன்பு திறந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தது, பாதிக்கு மேல் ஆவியாகவும் மண்ணிலும் போய்விடும். 2010-ல் குழாய்த் திட்டம் முடிந்தபின் வாய்க்கால்கள் மூடப்பட்டன. பழைய வாய்க்கால் கரைகள் வயலுக்கு நடுவே இன்னும் மேடாகத் தெரிகின்றன. இரவு 6 டிகிரி.

அக்டோபர் 5, ஞாயிறு: பாட்சிவொல்லக், லசெல்ஸ், வூமெலாங், சீ லேக்

அக்டோபரின் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். கைப்பேசி தானாக மாறிவிட்டது, கார்க் கடிகாரம் மாறவில்லை. நாங்கள் கார்க் கடிகாரத்தை நம்பினோம். பேக்கரியில் காலைக்கு இருந்தவை எல்லாம் தீர்ந்து, ஒரு பச்சைப்பட்டாணி பேஸ்ட்ரி மட்டும் மிச்சம்.

பாட்சிவொல்லக், ஹோப்டவுனுக்கு வடமேற்கே 40 கிலோமீட்டருக்கு மேல். சாலையில் கைப்பேசி சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபின்டன் மேகீ 2016-ல் எழுதியது. அவர் அந்த ஊர் பப்பிலேயே தங்கி, ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் சுவரின் வடிவம்: 35 மீட்டர் உயரம், ஒடுக்கமான இரட்டைச் சைலோ. குட்டையான ஆளை அதில் எழுத முடியாது. உள்ளூர் விவசாயி ஒருவர், ஒல்லி, நெட்டை, வெயிலில் கண் சுருக்கிப் பார்க்கும் முகம், வெளுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. சுவருக்கு ஏற்ற ஆள் கிடைத்தார். முழங்கைச் சட்டையைச் சுருட்டி விட்ட விதத்திலேயே அவர் வேலை தெரிகிறது.

சுவருக்கு ஏற்ற உருவம் என்பதுதான் இந்தத் தடம் முழுவதும் கற்றுத் தருகிற பாடம். கணினியில் முன்பே முடித்த படத்தைக் கொண்டுவந்து எந்தச் சுவரிலும் ஒட்டுவது போல எழுதியவற்றையும் வேறு ஊர்களில் பார்க்க நேர்கிறது. அவை நன்றாகவே இருக்கும், அங்கே இருக்க வேண்டும் என்று தோன்றாது.

ஞாயிறு என்பதால் சாப்பாட்டுக்கு எதுவும் இல்லை. சைலோ எதிரே மேசையில் உட்கார்ந்து, கொண்டுவந்த புளியோதரையும் அப்பளமும் பிரித்தோம். குவீன்ஸ்லாந்திலிருந்து கேரவனில் வந்த வயதான தம்பதி அடுத்த மேசை. வாசனையைப் பற்றிக் கேட்டார்கள், ஒரு தட்டு கொடுத்தோம். அந்த அம்மா வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார், கணவர் மிளகாய் வற்றலையும் சேர்த்துத் தின்றுவிட்டு மூன்று கோப்பைத் தண்ணீர் குடித்தார். அவர்கள் ஐந்து மாதமாக இப்படிச் சைலோ சைலோவாகப் போகிறார்கள். நார்தம், கிம்பா, கூனல்பின் எல்லாம் பார்த்தாயிற்றாம். கையால் எழுதிய ஒரு நோட்டில் ஒவ்வொரு ஊரிலும் எந்த மணிக்கு வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்து வைத்திருந்தார்கள். அப்படி ஒரு நோட்டை அச்சிட்டே விற்கலாம். உச்சி வெயிலில் சைலோ பார்க்கவே கூடாது என்பது அவர்கள் முதல் விதி. ஒளி மேலிருந்து விழுந்து சுவரின் ஒவ்வொரு வார்ப்பு வளையமும் நிழல் போடும், முகம் போய்க் கோடு மட்டும் நிற்கும்.

லசெல்ஸில் எழுதியவர் ரோன், 2017. அந்தப் பகுதியில் நான்கு தலைமுறையாக விவசாயம் செய்யும் குடும்பத்தின் கணவனும் மனைவியும், ஆளுக்கொரு சைலோ. இரண்டு வாரம் எழுதியிருக்கிறார். பெயிண்டில் தண்ணீர் சேர்த்துச் சேர்த்து, ஆவி போல மெலிதாக்கி, முகத்தைச் சுவருக்குள் கரைத்திருக்கிறார். தண்ணீர் கலப்பது சொல்லும் அளவுக்கு எளிதில்லை. அதிகமானால் நிறமணிகளைப் பிடித்து வைக்கும் பசை நீர்த்துப்போய், கை வைத்தால் பொடியாக வரும். குறைந்தால் திட்டு. சூடான சுவரில் தண்ணீர் நொடியில் உலர்ந்து ஓரம் கோடு போட்டுவிடும், அதனால் நிழல் விழுந்த பிறகே அந்த இடத்தைத் தொட வேண்டும். இருவரில் அந்த அம்மாவின் முகத்தில், கன்னம் எங்கே முடிகிறது கான்கிரீட் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. இந்தத் தடத்தில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால், பிரிம் இல்லை, இதைத்தான் சொல்வேன்.

வூமெலாங்கில் பெரிய சைலோ ஓவியம் இல்லை. வயலுக்கு வயல் இழுத்துப்போகும் சின்னத் தகரக் குதிர்களில் அருகிவரும் உயிரினங்களை எழுதி, ஊருக்குள் ஆங்காங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மாலிக் கோழி ஒன்று, புள்ளி குவால் என்னும் பூனை அளவுப் பைப்பாலூட்டி ஒன்று, புழு போன்ற பல்லி ஒன்று. நடந்தே பார்க்கலாம். குழந்தைகளோடு வந்தால் அவர்கள் கண் மட்டத்துக்கு இதுதான்.

சீ லேக்கில் மாலை. 2019-ல் ஜோயல் ஃபெர்கி, டிராவிஸ் வின்சன் இருவரும் சேர்ந்து எழுதியது: மாலி மரத்துக் கிளையில் ஊஞ்சலாடும் பூர்வகுடிச் சிறுமி, டிரெல் ஏரியைப் பார்த்தபடி. இது வண்ணக் கொள்ளை. அந்தி ஆரஞ்சு, ஊதா, இளஞ்சிவப்பு. பிரிமில் சொன்னதற்கு நேர் எதிர். ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கிருந்து ஏரிக்குப் போனால் அந்த நிறம் அப்படியே தண்ணீரில் இருக்கிறது.

டிரெல் விக்டோரியாவின் மிகப் பெரிய உப்பேரி. பெயருக்கே வானம் என்று பொருள் சொல்கிறார்கள். இந்தக் கரையில் வாழ்ந்த பூரோங் மக்களின் விண்மீன் அறிவு 1850-களிலேயே எழுத்தில் பதிவானது. ஷீப் ஹில்ஸ் சைலோவின் பின்னணி வானம் ஏன் என்று இங்கே நின்றால் விளங்குகிறது. கணுக்கால் அளவுகூட இல்லாத தண்ணீர், காற்று நின்ற நேரத்தில் கீழும் மேலும் வானம். ரப்பர் செருப்பு வேண்டும், உப்புப் படிகம் வெறுங்காலைக் கீறும். அடியில் கருஞ்சேறு, ஒருமுறை காலை விட்டால் செருப்பை விட்டுவிட்டுத்தான் கால் வரும். காரில் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் தனியாக வையுங்கள், கால் கழுவ மட்டும். கேமரா முக்காலியையும் அன்றிரவே கழுவாவிட்டால் திருகு துருப்பிடிக்கும்.

அக்டோபர் 6, திங்கள்: நல்லவில், வைச்ப்ரூஃப்

இரவெல்லாம் காற்று. காலையில் கண்ணாடியில் செம்மண் படலம். திங்கட்கிழமை கிராமத்துச் சாப்பாட்டுக் கடைகளில் பாதி மூடியிருக்கும், பெட்ரோல் பங்க்கில் சூடான உருளைக்கிழங்கு கேக் 2.50 டாலர். அதுவே காலைச் சாப்பாடு.

கால்டர் நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால் நல்லவில். ஸ்மக் 2019-ல் எழுதிய விவசாயியும் அவர் கெல்பி நாயும். ஹார்ஷத்தில் பார்த்த அதே கை. இவர் சுவரின் நிறத்தை விட்டுவைப்பவர் அல்ல, முழுக்க மூடி எழுதுபவர், அதுவும் ஸ்ப்ரே கேனில். நாயின் நெற்றி மயிரைப் பாருங்கள்: ஒவ்வொரு கீற்றும் தொடங்கும் இடம் கூர், முடியும் இடம் புகை. கேனைச் சுவரை ஒட்டிப் பிடித்துத் தொடங்கி, அழுத்தியபடியே கையைப் பின்னுக்கு இழுத்தால்தான் அப்படி வரும். காற்று ஒரு கணம் அசைந்தால் கூர் போய்விடும். முப்பது மீட்டர் தள்ளி நின்றால் ஒளிப்படம், பத்து மீட்டரில் புள்ளிகளும் புகையும். அந்த இடைவெளியில் முன்னும் பின்னும் நடந்து, எந்த அடியில் நாய் உயிர் பெறுகிறது என்று தேடுவது நல்ல விளையாட்டு. எங்களுக்கு இருபத்திரண்டாவது அடி.

விவசாயியின் கட்டம் போட்ட சட்டையில் கோடுகள் எங்கும் நேராக இல்லை, மடிப்போடு மடிப்பாக வளைகின்றன. அதையும் உருளையின் வளைவையும் ஒன்றாகக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். நேராகத் தெரிய வேண்டிய ஒரு கோட்டை உருளையில் வளைத்துப் போட வேண்டும். வளைந்து தெரிய வேண்டியதை இன்னும் வளைத்து, அல்லது நேராக. ஆளைத் தூக்கும் கூண்டுக்குள் நின்றால் சுவரில் ஒரு கை தூரம்தான் தெரியும். கீழே இறங்கி, நடந்து போய்ப் பார்த்து, மறுபடி ஏற வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள்.

கொரெல்லா என்னும் வெள்ளைக் கிளிகள் நூறு நூறாக வந்து சைலோ உச்சியில் உட்கார்ந்தன. எச்சம் வழிந்த வெள்ளைக் கோடுகள் தொப்பி வரை இறங்கியிருக்கின்றன. சாலைப் பணியாளர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "அதைக் கழுவ நினைத்தாலும் லிஃப்ட் வாடகை தர ஆள் வேண்டுமே, மழை கழுவட்டும்" என்றார். பறவை எச்சத்தில் உள்ள அமிலம் அக்ரிலிக்கை மெல்ல அரிக்கும், மழைக்குக் காத்திருக்கும் மாதங்கள்தான் கெடுதல். ஓவியம் எழுதப் பணம் திரட்டும்போதே பத்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்துத் திரட்டியிருக்க வேண்டும். எழுதும் செலவுக்கு நன்கொடை கிடைக்கும், கழுவும் செலவுக்குக் கிடைக்காது. எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று எழுதலாமா என்று கேட்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதை.

வைச்ப்ரூஃபில் ரயில் பாதை கடைத்தெருவின் நடுவிலேயே ஓடுகிறது. பக்கத்தில் உள்ள மேடு, தரையிலிருந்து 43 மீட்டர், உலகத்திலேயே சிறிய மலை என்று பெயர் வாங்கியது. ஏறி இறங்க இருபது நிமிடம். மேலே நின்றால் நான்கு திசையிலும் தட்டை, தொலைவில் அங்கொன்று இங்கொன்றாகச் சைலோ. எதிலும் முகம் இல்லாத, வெறும் சாம்பல் நிறச் சைலோக்கள். அவற்றில் ஒன்றுக்குக் கீழே மட்டும் லாரி ஒன்று நின்று, அறுவடைக்கு முன்னால் யாரோ அடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.